சேறு படாத செம்பு

மோட்டார் சுழலவில்லை, திக்கியது.

மேசை விளிம்பில் பொருத்திய இரும்புப் பிடிக்குள் அது கர்ர், கர்ர் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறிக்கொண்டது. சேது ரிமோட்டின் குச்சியை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினான். உதறல் கூடியதே தவிர, ஒரு சுற்றுகூட முழுசாக வரவில்லை.

"எங்க தாமான் குடியிருப்புச் சங்கத் தலைவர் மேடையில பேசுற மாதிரியே இருக்குக்கா. கரண்டு இழுக்குது, சூடு ஏறுது, வேலை மட்டும் நடக்கல."

மாதவி சிரிக்கவில்லை. உதடு மட்டும் லேசாக வளைந்தது. சேதுவுக்கு அது போதும்.

கோலசிலாங்கூர் பழைய கடைவரிசையில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது மாதவியின் துப்பறியும் அலுவலகம். முன்பு காப்புறுதி நிறுவனம் ஒன்றில் விபத்து விசாரணை அதிகாரியாக இருந்தவள். தான் பார்க்காத ஒரு விபத்துக்கு மேலதிகாரி கையெழுத்துக் கேட்டபோது, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அந்தப் பெயர் இந்த வட்டாரத்தில் இன்னும் நின்றது. மாதவி எழுதிக் கொடுத்தால் போலீஸ் இன்ஸ்பெக்டரே அதற்கு மேல் தோண்டுவதில்லை.

சேது அவளுடைய ஒரே உதவியாளன். கார் ஓட்டுவான், படம் பிடிப்பான், மின்சாரச் சாமான் எதைக் கொடுத்தாலும் கழற்றி மாட்டுவான். வாய் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். தன் கண்ணால் பார்க்காததில் மாதவி கையெழுத்துப் போடுவதில்லை. அதற்கு ஒரே விதிவிலக்கு சேது. அவன் பார்த்தால் அவள் பார்த்த மாதிரி.

இப்போது மேசைமேல் கிடந்தது ஒரு மாடல் விமானத்தின் உடைசல். விரித்த இரண்டு கைகளின் அகலத்துக்கு இருந்த இறக்கை, இப்போது நொறுங்கிய வெள்ளை நுரைக்கட்டையாகச் சாக்குப்பையில் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் காராங்கில், அறுவடை முடிந்த வயலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது அதன் மோட்டார் திடீரென்று நின்றுபோனது. வாய்க்கால் கரைச் சாலையில் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த கண்மணியின் முகத்தில் மோதிவிட்டு, விமானம் வாய்க்காலுக்குள் விழுந்தது. கண்மணி பக்கத்துத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. இடது கண்ணில் பார்வை திரும்புமா என்று டாக்டர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.

"ரிப்போர்ட் எழுதுன போலீஸ்காரர்தான் பாவம்க்கா," என்றான் சேது. "மோட்டார் நின்னுபோய் மோட்டார் மேல விழுந்துருச்சுன்னு விமலன் சொல்லியிருக்காப்ல. எந்த மோட்டார் நின்னுச்சு, எந்த மோட்டார் மேல விழுந்துச்சுன்னு அவரு திரும்பத் திரும்ப கேட்டாராம். நம்ம ஊர்ல பைக்கையும் மோட்டாருன்னு சொல்லி வச்சிருக்கோம்ல."

விமலன் விமானத்தின் சொந்தக்காரன், மாதவியின் கட்சிக்காரன். ஒழுங்காகப் பராமரிக்காத விமானத்தை ஆள் நடமாடும் இடத்தில் பறக்கவிட்டான் என்று அவன்மேல் வழக்கு வரப்போகிறது. யாரோ வேண்டுமென்றே கைவைத்திருக்கிறார்கள் என்பது அவன் கட்சி. மாதவியின் அறிக்கை இன்று மாலைக்குள் இன்ஸ்பெக்டர் கைக்குப் போக வேண்டும்.

"வாலும் இறக்கையும் கடைசிவரைக்கும் ரிமோட் பேச்சைக் கேட்டுச்சுன்னு விமலன் சொல்றாரு," என்றாள் மாதவி. "அப்போ பேட்டரியில குத்தம் இல்ல. ரிமோட்லயும் இல்ல."

"கரெக்ட். மிச்சம் ரெண்டே சந்தேகப் பேர்வழி. ஒண்ணு இந்த மோட்டார். இன்னொண்ணு இவரு." சேது உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டையான ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டினான். மேலெல்லாம் காய்ந்த சேறு. "ஸ்பீட் கன்ட்ரோலர். குச்சியை எவ்வளவு தள்ளுறோமோ அதுக்குத் தகுந்த மாதிரி பேட்டரி கரண்ட அளந்து மோட்டாருக்கு விடுறவரு. ரெண்டு பேரையும் தனித்தனியா உட்காரவச்சு விசாரிப்போம். சேர்ந்து இருந்தா ஒருத்தன் மேல ஒருத்தன் பழி போடுவான்."

விமானத்தின் கன்ட்ரோலரைக் கழற்றி, தான் கொண்டுவந்திருந்த நல்ல மோட்டார் ஒன்றில் மாட்டினான். பேட்டரியைச் செருகியதும் மோட்டாருக்குள்ளிருந்து டி-டு-டீ என்று மேலே ஏறிப்போகும் சின்ன மெட்டு ஒன்று கேட்டது.

"அட, பாடுது," என்றாள் மாதவி.

"பாடுறது மோட்டாருக்கா. பாட்டு எழுதுனது கன்ட்ரோலர். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாட்டு. எந்த மோட்டார்ல மாட்டுனாலும் அவன் பாட்டத்தான் பாட வைப்பான்."

குச்சியைத் தள்ளினான். மோட்டார் வண்டாக ரீங்கரித்தது. கன்ட்ரோலர் நிரபராதி. அடுத்து, நல்ல கன்ட்ரோலர் ஒன்றை விமானத்தின் மோட்டாரில் மாட்டினான். பழையபடி கர்ர், கர்ர்.

"ஆள் மாட்டிக்கிட்டான்," என்றான் சேது.

மோட்டாரிலிருந்து மூன்று வயர்கள் வந்தன. ஒவ்வொன்றின் இணைப்பையும் ஒரு ரப்பர் உறை மூடியிருந்தது. சேது நடு வயரின் உறையைப் பிளேடால் கீறிப் பிரித்தான். உள்ளே செம்பு இழைகள் ஒரே நேர்கோட்டில் அறுபட்டிருந்தன. நாலைந்து இழைகள் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன.

"தானா அறுந்தா பிசிறு பிசிறா இருக்கும். இது கத்தி போட்டது. மூணு வயர்ல ஒண்ணு பலவீனமானாலும் மோட்டாருக்கு எந்தப் பக்கம் சுத்துறதுன்னு தெரியாது. தரையில ஓடும், மேல ஏறி இழுக்கும்போது கையை விரிச்சிரும்."

"இந்த வயருக்கெல்லாம் ஈயம் வச்சு ஒட்டுனது யாரு?"

சேது சொல்ல மனமில்லாதவன்போல் கழுத்தைத் தடவிக்கொண்டான். "இனாயத்துல்லா அண்ணன்தான்க்கா. பறக்கவிட்டதுக்கு முந்தின நாளு."

மாதவி அறுபட்ட வயரை விரலால் திருப்பிப் பார்த்தாள். செம்பு புத்தம்புதிதாகப் பளபளத்தது. இனாயத்துல்லா விமலனின் நெருங்கிய கூட்டாளி. அந்த விமானத்தையே இருவரும் சேர்ந்துதான் கட்டினார்கள்.

"வண்டிய எடு. அவரு வாயால கேட்டுருவோம்."

"அக்கா, இதுக்கு மேல அவரு என்ன சொல்லப்போறாரு? வயரே சொல்லிருச்சே."

"வயரு ஒட்டுனவர் பேர சொல்லும், சேது. வெட்டுனவர் பேர சொல்லாது."

*

தஞ்சோங் காராங் சாலையோரத்தில் இருந்தது இனாயத்துல்லாவின் சாப்பாட்டுக் கடை. மதியக் கூட்டம் இன்னும் சேரவில்லை. கல்லாவில் அவர் மனைவி சுரையா. இனாயத்துல்லா மூலையில் ஒரு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தொட்ட, தடித்த, அமைதியான மனிதர். முன்னால் இருந்த தேநீரில் ஆடை படர்ந்திருந்தது.

"விமலன் நேத்தே வந்துட்டுப் போயிட்டான், தங்கச்சி," என்றார் மாதவியிடம். "சாப்புட்டுக்கிட்டு இருந்த ஆளுங்க எல்லார் முன்னாடியும் சட்டையைப் புடிச்சான். வயர வெட்டிட்டேனாம். அவன் சின்ன மகள் என் மடியில தூங்கியிருக்கு. பெருநாளைக்கு அவன் பொண்டாட்டி பிள்ளைங்களுக்கும் சேர்த்துத்தான் இவ துணி எடுப்பா. நான் வெட்டுவனா?"

மாதவிக்கு ஓர் இடம் உறுத்தியது. வயர் வெட்டப்பட்டிருப்பது இன்று காலை உறையைப் பிரித்த பிறகுதானே தெரிந்தது? நேற்றே விமலனுக்கு எப்படித் தெரியும்?

சேது குறுக்கே வந்தான். "நான்தான்க்கா நேத்து போன்ல சொன்னேன். வயர் மேல சந்தேகமா இருக்குன்னு. இவரு இப்படி ஓடி வந்து சண்டை போடுவாருன்னு யாருக்குத் தெரியும்?"

"இனிமே எனக்குச் சொல்லிட்டு அப்புறம் மத்தவங்களுக்குச் சொல்லு."

"சரிக்கா. வாயில ஒரு கன்ட்ரோலர் மாட்டிக்கிறேன்."

சுரையா கைத்தொலைபேசியை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். "அன்னிக்கு நான் எடுத்த வீடியோ. பாருங்க. இவரு என்ன பண்ணாருன்னு இதுல தெரியும்."

வயல், வெயில், சிரிப்புச் சத்தம். விமலன் குனிந்து விமானத்துக்குப் பேட்டரியைச் செருகுகிறான். பீப், பீப், பீப். தட்டையான மூன்று ஒலி, ஒரே சுருதியில். விமானம் ஓடி, மேலே ஏறி, வயலைச் சுற்றுகிறது. பிறகு மோட்டார் சத்தம் ஒரே வெட்டில் நிற்கிறது. அதன்பின் சுரையாவின் குரல், ஐயோ என்று. படம் ஆடித் தரையைக் காட்டுகிறது.

"இன்னொரு தடவை போடுங்க," என்றாள் மாதவி.

இரண்டாம் முறையும் அப்படித்தான். காலையில் மேசைமேல் கேட்ட கர்ர், கர்ர் இதில் எங்குமே இல்லை. மோட்டார் திக்கவில்லை, மூச்சை விட்டது.

"தூரம்க்கா. காத்து வேற. போன்ல எங்க கேக்கப்போகுது?" என்றான் சேது. "நான் போய் நமக்கு சாப்பாடு கட்டச் சொல்லட்டா?"

அவன் உள்ளே போனதும் மாதவி இனாயத்துல்லாவின் பக்கம் திரும்பினாள். "விமானத்தை வாய்க்கால்லேருந்து எடுத்தது யாருண்ணே?"

"நான்தான். விமலன் அந்தப் பொண்ணத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டான். நான் இடுப்பளவு தண்ணியில எறங்கித் தேடினேன். சேத்துக்குள்ள குத்தி நின்னுச்சு. எடுக்கும்போது, கன்ட்ரோலர் இருக்குற வயித்துப் பக்கம் பொசுங்குன வாடை. அப்படியே சாக்குல போட்டு விமலன் வீட்ல எறக்கிட்டு வந்தேன்."

"கழுவலியா?"

"கழுவுற மனசா அன்னிக்கு?"

மாதவி எழுந்து காருக்குப் போனாள். பின்பக்கப் பெட்டியைத் திறந்து மோட்டாரை எடுத்தாள். நடு வயரின் செம்பு வெயிலில் மினுங்கியது. மற்ற இரண்டு வயர்களின் உறைகளையும் கீறிப் பிரித்தாள். இரண்டுக்குள்ளும் கறுப்பாக, மாவுபோல் காய்ந்த வயற்சேறு. இழை இழையாக இறங்கியிருந்தது.

உறைக்குள் புகுந்த சேறு, அறுபட்டுத் திறந்து கிடந்த செம்பை மட்டும் தொடாமல் விட்டிருக்குமா? விமானம் வாய்க்காலில் கிடந்தபோது இந்த வயர் முழுசாக இருந்திருக்கிறது. வெளியே வந்து, துடைத்து, வெட்டி, மறுபடி உறை போட்டிருக்கிறார்கள்.

அவளுக்குப் பின்னால் இனாயத்துல்லா வந்து நின்றார். மாதவி கன்ட்ரோலரை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். சேற்று வாடை இருந்தது. பொசுங்கிய வாடை இல்லை.

"இதை மாட்டிக் காட்டுங்கண்ணே."

அவர் கன்ட்ரோலரை மோட்டாரோடு இணைத்துப் பேட்டரியைச் செருகினார். டி-டு-டீ. மெட்டு மேலே ஏறியது. இனாயத்துல்லாவின் கை அப்படியே நின்றது.

"இது யாரு பாட்டு?" என்றார். "இது எங்க ப்ளேன் சாமான் இல்ல, தங்கச்சி. எங்களது வெறும் பீப் பீப்புன்னுதான் கத்தும்."

சாப்பாட்டுப் பொட்டலங்களோடு சேது வந்துகொண்டிருந்தான். மெட்டு அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். நடை ஒரு கணம் தயங்கியது.

"சேது, வீடியோவுல இந்தப் பாட்டு இல்ல."

"தண்ணி பட்டுச்சுன்னா சிலது பாட்டு மாறும்க்கா. சளி புடிச்சவன் பாடுற மாதிரி."

காலையில் அவன் சொன்னது வேறு. மாதவிக்கு அது ஞாபகம் வந்தது. ஆனால் சொன்னவன் சேது. மின்சாரத்தில் அவனுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது என்று அந்த ஞாபகத்தைத் தானே ஓரமாகத் தள்ளினாள். அவள் மனம் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. விமானம் விழுந்த அன்றிலிருந்து சாக்குப்பை இருந்தது விமலன் வீட்டில். ஒரு பொருளை மாற்றி, ஒரு வயரை வெட்டி, கூட்டாளியை மாட்டிவிட அவனுக்குத்தான் நேரமும் இடமும் இருந்தது. கட்சிக்காரனே தன்னைக் கருவியாக வைத்து விளையாடிவிட்டானா?

"விமலன்தான் மாத்தியிருக்கணும்," என்றாள்.

சேது பொட்டலங்களைக் காருக்குள் வைத்தான். நிமிரவில்லை. "இருக்கலாம்க்கா. கேஸ்லேருந்து தப்பிக்க மனுசன் என்ன வேணும்னாலும் செய்வான்."

"புக்கிட் செந்தோசாவுக்குப் போ."

"போன்லயே கேட்டுருவோமே. இந்த வெயில்ல எதுக்கு அவ்வளவு தூரம்?"

"முகத்தைப் பார்த்துக் கேக்கணும்."

*

செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சாலை வளைந்து வளைந்து போனது. குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. வழக்கமாக இப்படி ஒரு லோரி மாட்டினால் ராவாங் வரைக்கும் சேதுவுக்குப் பேச விஷயம் கிடைத்துவிடும். இன்று அவன் முந்தவும் இல்லை, பேசவும் இல்லை. விமலனை அவனுக்கு முன்பே தெரியும், மனசு கஷ்டப்படுகிறான்போல என்று மாதவி நினைத்துக்கொண்டாள்.

புக்கிட் செந்தோசாவில் விமலன் வீட்டு இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. முப்பத்தைந்து வயதுக்காரன், ஒரு வாரத்தில் பத்து வயது கூடியவன்போல் இருந்தான். தாடி மழிக்கவில்லை.

"உட்காருங்க மேடம். ரிப்போர்ட் எழுதிட்டீங்களா?"

"எழுதல." மாதவி நின்றபடியே இருந்தாள். "உங்க ப்ளேன்ல இருந்த கன்ட்ரோலர மாத்திட்டு, வயர வெட்டி, பழிய உங்க கூட்டாளி மேல போட்டிருக்காங்க. எல்லாம் விழுந்ததுக்கு அப்புறம் நடந்திருக்கு. சாக்கு உங்க வீட்லதான் இருந்துச்சு."

விமலன் புரியாமல் அவளைப் பார்த்தான். பிறகு சேதுவைப் பார்த்தான். "என் வீட்லயா? ஒரு ராத்திரிதானே இருந்துச்சு. மறுநாள் காலையிலேயே சேது வந்து தூக்கிட்டுப் போயிட்டாரே."

"மறுநாளா?" சாக்கு அலுவலகத்துக்கு வந்தது இன்று காலையில்தான்.

"ஆமா. நான் சாக்கைப் பிரிக்கவே இல்ல. பார்க்கவே முடியல என்னால. போலீஸ்ல கே.எல். லேபுக்கு அனுப்பலாம்னு சொன்னாங்க. சேதுதான் வேணாம்னாரு. லேபுக்குப் போனா மாசக்கணக்கா இழுக்கும், அக்கா எழுதிக் கொடுத்தா யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு. அப்படித்தானே உங்ககிட்ட வந்தேன்."

சேது வாசற்படியில் நின்றான். உள்ளே வரவில்லை.

மாதவியின் வாய் தன்போக்கில் அடுத்த கேள்வியைக் கேட்டது. "அந்தக் கன்ட்ரோலர எங்க வாங்குனீங்க?"

"சேதுகிட்டத்தான்," என்றான் விமலன். "புத்தம் புதுசுன்னு அவருதான் கொடுத்தாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது. விமலன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். புரிந்ததும் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அப்போ இனாயத்து அண்ணன... அத்தனை பேர் முன்னாடி நான்..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

மாதவி வெளியே வந்தாள். சேது கார்க் கதவருகே போய் நின்றிருந்தான்.

"பாட்டு எழுதுனது கன்ட்ரோலர்னு காலையில நீயேதான் சொன்னே," என்றாள்.

"எனக்கு வாய் நீளம்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?"

வழக்கமான சேதுவின் பதில்தான். குரல்தான் அவனுடையதாக இல்லை.

அவள் காத்திருந்தாள். எத்தனையோ பேரை இப்படி மௌனத்தால் பேசவைத்திருக்கிறாள். பக்கத்தில் நின்று அதைப் பார்த்துப் பார்த்துக் கேலி செய்தவன், இப்போது அதே மௌனத்துக்குள் நின்றான்.

"எரிஞ்சுபோன கன்ட்ரோலருங்க கெடைக்கும்க்கா," என்றான் கடைசியில். "செத்துப்போன பார்ட்ட மாத்திட்டு, மேல புது உறை போட்டுச் சூடு காட்டுனா புதுசு மாதிரி ஆயிரும். ஓடும். நல்லாத்தான் ஓடும். ரொம்ப நேரம் இழுத்தாத்தான்..." நிறுத்தினான்.

"ரிப்பேர் பண்ணதுன்னு சொல்லியா வித்தே?"

"சொன்னா யாரு வாங்குவா?"

"வயர ஏன் வெட்டுனே?"

"மோட்டார் நின்னதுக்கு ஒரு காரணம் காட்டணும்லக்கா. சும்மா நல்ல கன்ட்ரோலர வச்சா விமலன்தான் உள்ள போவாரு. அவரு பாவம்னு தோணுச்சு."

"இனாயத்துல்லா பாவம் இல்லையா?"

"அவரு பெரிய ஆளு. கடை இருக்கு, நாலு பேரத் தெரியும். தாங்கிக்குவாருன்னு நெனச்சேன்."

"ஆஸ்பத்திரியில கண்மணியப் பார்த்தோமே. கட்டு வலிக்குது, சிரிக்க வைக்காதீங்கன்னு அந்தப் பொண்ணு உன் கையைப் புடிச்சுக் கெஞ்சுச்சு. அப்பவும் உனக்கு எல்லாம் தெரியும்."

"பார்க்கணும்னுதான்க்கா போனேன். சத்தியமா."

"இருக்கலாம். நான் எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

அவன் தலை குனிந்தான். மாதவிக்குக் கேட்க ஒரு கேள்வி மிச்சமிருந்தது. கேட்காமல் விட்டுவிடலாமென்றும் இருந்தது. கேட்டாள்.

"ஏன் என்கிட்ட கொண்டுவந்தே?"

"உங்க கையெழுத்த யாரும் சந்தேகப்பட மாட்டாங்கக்கா," என்றான் சேது. "அதான்."

வேறெதையும்விட அதுதான் உள்ளே இறங்கியது. மேலதிகாரி மிரட்டிக் கேட்டபோது போடாத கையெழுத்து அது. இவன் கேட்கக்கூட இல்லை; மேசையைத் துடைத்து, பேனாவைப் பக்கத்தில் வைத்து, இரண்டு நகைச்சுவை சொல்லி, அவளாகவே போடுகிற இடத்துக்கு நடத்திக்கொண்டு வந்திருக்கிறான். தஞ்சோங் காராங்குக்குப் போகாமல் இருந்திருந்தால், மாலையில் போட்டிருப்பாள். இதற்கு முன்னால் அவன் பார்த்ததை நம்பிப் போட்டவை எத்தனை? அலுவலக அலமாரியில் இருந்த கோப்புகள் எல்லாம் அவள் கண்முன் ஒருமுறை வந்து போயின.

ஆனால் அழுவதற்கு அது நேரமில்லை.

"இன்னும் யார் யார்கிட்ட உன் சாமான் இருக்கு?"

சேது பேர் சொன்னான். சுங்கை சோவில் ஒருவர், ராவாங்கில் இருவர், தஞ்சோங் காராங்கிலேயே ஒருவர்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எல்லாரும் பறக்கவிடப் போவாங்க. ஒவ்வொருத்தரையா கூப்புடு. இப்பவே. நான் கேக்குற மாதிரி ஸ்பீக்கர்ல போடு."

முதல் ஆள் சுங்கை சோவில் திவாகரன். சேது தொண்டையைச் செருமிக்கொண்டான். "அண்ணே, நான் கொடுத்த கன்ட்ரோலர நாளைக்குப் போடாதீங்க. அது புதுசு இல்ல. எரிஞ்சத நான் ரிப்பேர் பண்ணது. மேல போனா நின்னுரும்."

மறுமுனையில் திவாகரன் வாய்விட்டுச் சிரித்தார். "மத்தியான நேரத்துல நம்மள வச்சு காமெடி பண்ற வேலைய விடலையா லா நீ? பறக்கவிடாம தடுத்துட்டு, நாளைக்கு நீ மட்டும் ஜெயிக்கலாம்னு பாக்குறியா?"

"அண்ணே, நிஜமாத்தான் சொல்றேன்."

"போன தடவையும் நிஜமாத்தான்னு சொன்னே. என் பைக்குல பாம்பு இருக்குன்னு." சிரிப்பு நிற்கவில்லை.

சேது தொலைபேசியைப் பிடித்தபடி மாதவியைப் பார்த்தான். அவன் கண்கள் நிறைந்திருந்தன. அவளுக்கு அது வலித்தது. வலித்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினாள்.

"திவாகரன், நான் கோலசிலாங்கூர் மாதவி பேசுறேன். அவன் சொன்னது உண்மை. அந்தச் சாமானக் கழட்டி ஒரு பையில போட்டு வைங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

சிரிப்பு அறுந்தது. "நீங்க சொன்னா சரிங்க மேடம்," என்றார் அவர், உடனே.

மற்றவர்களிடமும் அவளே பேசினாள். ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் சாவிக்காகக் கையை நீட்டினாள். சேது கொடுத்தான்.

"விமலன் ப்ளேன்ல இருந்தது எங்க?"

"ஆத்துல போட்டுட்டேன்க்கா."

மாதவி பார்வையை அவன் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"வீட்ல இருக்கு," என்றான் சேது. "கட்டிலுக்கு அடியில, பெட்டியில. தூக்கிப் போடத்தான் போனேன். கை வரல."

"ஏறு. முதல்ல உன் வீடு, அப்புறம் போலீஸ் பாலாய். இன்ஸ்பெக்டர்கிட்ட நீயே சொல்லணும்."

அவன் பழக்கத்தில் ஓட்டுநர் பக்கம் போய், சாவி தன்னிடம் இல்லையென்று உணர்ந்து, சுற்றி வந்து பின்கதவைத் திறந்தான். மாதவி முன்னால் உட்கார்ந்து இனாயத்துல்லாவைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, அவரைச் சந்தேகித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். யார் என்பதை மட்டும் தொலைபேசியில் சொல்ல நா எழவில்லை.

"உங்க ப்ளேன் சாமான் கோலசிலாங்கூர்ல ஒரு வீட்ல இருக்குண்ணே. அதை எடுக்கும்போது பக்கத்துல நின்னு பார்க்க, நம்பிக்கையான ஒரு ஆள் வேணும். வர முடியுமா?"

"வர்றேன் தங்கச்சி, அதுக்கென்ன?" என்றார் இனாயத்துல்லா. பிறகு யோசித்துக் கேட்டார். "ஆனா சேது தம்பி உங்க கூடத்தானே இருக்காரு? அவரு ஒரு ஆளு போதாதா?"

பின்சீட்டில் சேதுவுக்கு அது கேட்டது.

"அவன் என் கூட இருக்கிறதாலதான்ணே, உங்களக் கூப்புடுறேன்," என்றாள் மாதவி.